பயிர் பச்சையானால் மண் தேறிவிட்டதா?

காவிரிப் படுகையில் எண்ணெய்க் குழாய் உடைந்தால் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பது அந்தப் பகுதி மக்களுக்கு மனப்பாடம். ஊர் திரளும், வால்வு மூடப்படும், கறுத்துப்போன மேல்மண்ணை வழித்து அள்ளுவார்கள், அந்தப் பருவத்துப் பயிருக்கு ஒரு தொகை பேசி முடிப்பார்கள். அடுத்த பருவத்தில் அங்கே ஏதோ ஒன்று பச்சையாகத் தலைகாட்டினால் விவகாரம் தீர்ந்தது என்று கருதப்படும். பிழை நடப்பது இந்தக் கடைசிப் படியில்தான். எண்ணெய் ஊறிய மண்ணில் செடிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பல நாடுகளில் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், மேலே தெரியும் பச்சையை வைத்து அடியில் மண் தேறிவிட்டது என்று சொல்லவே முடியாது என்பது விளங்கும். அப்படியானால், இழப்பீட்டையும் சீரமைப்பையும் பயிரை வைத்து அளக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு மண்ணை வைத்து அளக்க வேண்டும்.

தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசி குழாயில் ஏற்பட்ட கசிவும், அதைத் தொடர்ந்த போராட்டமும் கைதுகளும் தமிழகம் முழுவதும் பேசப்பட்டன. அதன் பிறகு, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்த மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை விதித்தது. ஏற்கெனவே நடந்துவந்த திட்டங்களை அது தொடவில்லை. 2025-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. ஒவ்வொரு முறையும் நம் விவாதம் புதிய கிணறு வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே சுழல்கிறது. 1980-களிலிருந்து எண்ணெய் எடுக்கப்பட்டுவரும் நரிமணம் போன்ற இடங்களிலும், வயல்களுக்கு அடியில் ஏற்கெனவே ஓடும் பழைய குழாய்களின் வழியிலும் கசிவு நேர்ந்தால் நிலத்தை யார், எதுவரை, எந்த அளவுகோலின்படி மீட்டுத் தர வேண்டும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. விவசாயியின் அன்றாடத்தைத் தொடும் கேள்வி அதுதான்.

விதையில் தொடங்கும் சேதம்

கச்சா எண்ணெய் ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் பென்சீன், டொலுவீன் போன்ற இலேசானவை எளிதில் ஆவியாகக்கூடியவை. செடியின் செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. எண்ணெயும் கொழுப்பும் ஒன்றில் ஒன்று கரையும் என்பதால் இந்த இலேசான பொருள்கள் சவ்வுக்குள் நேராகப் புகுந்து அதைக் குலைத்துவிடுகின்றன. கசிந்த சில நாட்களுக்குள் செடி கருகுவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். வெயில் பட்டால் இவை சில வாரங்களில் பெருமளவு ஆவியாகிவிடும். மூக்கைத் துளைக்கும் நெடியும் அப்போது குறைந்துவிடும். ஆனால் எஞ்சி நிற்கும் கனமான எண்ணெய் தன் வேலையை மெதுவாகத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

அந்த மண்ணில் ஒரு விதையைப் போட்டால், முதலில் அதன் தோல்மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் படிகிறது. முளைக்க விதைக்குத் தேவை தண்ணீரும் காற்றும். இரண்டும் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போகத் திணறுகின்றன. சில விதைகள் முளைக்காமலே மட்கிப்போகும்; பல விதைகள் நாள் தள்ளி முளைக்கும். முளைத்த வேர் மெலிந்து நீண்டு ஆழத்துக்கு இறங்காமல், தடித்து, குட்டையாகி, நுனி பழுத்து, வேர்த்தூவிகள் இல்லாமல் நிற்கும். மண், எண்ணெயின் வகை, பயிர் ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறினாலும், மண்ணின் எடையில் நூற்றில் ஒரு பங்கு எண்ணெய் கலந்தாலே பல பயிர்களின் முளைப்பும் வளர்ச்சியும் பாதிக்கப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வேருக்கு வெளியே மண்ணும் மாறுகிறது. எண்ணெய் மண்துகள்களைப் போர்த்திவிடுவதால், மேலே விடும் தண்ணீர் ஊறாமல் வழிந்தோடுகிறது. காற்று புக வேண்டிய துளைகள் அடைபடுகின்றன. வயலில் தண்ணீர் நின்றாலும் செடி வறட்சியில் வாடுவதுபோல் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இலைத்துளை மூடினால் கரியமிலவாயு உள்ளே போகாது. உணவு தயாரிப்பு குறையும். இலையின் பச்சையம் வெளிறும். விவசாயி இதைப் பார்த்து இன்னொரு தண்ணீர் கட்டுகிறார். பயன் இருப்பதில்லை.

யூரியா போட்டும் ஏன் வெளுக்கிறது?

எண்ணெய் ஊறிய நிலத்தில் பயிர் மஞ்சளாக நிற்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது அதிகம் பேசப்படாதது. இழப்பீட்டுக் கணக்கில் வராததும்கூட. மண்ணில் எண்ணெயைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இயல்பாகவே உண்டு. எண்ணெய் விழுந்ததும் அவை பெருகுகின்றன. எண்ணெயில் அவற்றுக்கு வேண்டிய கரிமம் கொட்டிக் கிடக்கிறது. தழைச்சத்தோ மிகமிகக் குறைவு. உடலைக் கட்டிக்கொள்ளத் தேவையான தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பயிருக்குப் போட்ட உரத்தில் முதல் பங்கு பாக்டீரியாவுக்குப் போய்விடுகிறது.

இதன் அளவை ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 9 லட்சம் கிலோ எடை இருக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு எண்ணெய் கலந்தால் 9,000 கிலோ எண்ணெய். கச்சா எண்ணெயில் சுமார் 84 விழுக்காடு கரிமம் என்பதால், ஏறக்குறைய 7,500 கிலோ கரிமம். பாக்டீரியா அதைச் செரிக்க நூறு பங்கு கரிமத்துக்கு இரண்டு பங்கு தழைச்சத்து போதும் என்று குறைத்தே வைத்தாலும் 150 கிலோ தேவைப்படும். குறுகிய கால நெல்லுக்குக் காவிரிப் படுகையில் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கிலோதான். அதாவது, பயிருக்கு ஒரு பிடி கிடைப்பதற்கு முன்பே இரண்டரைப் பருவத்து உரத்தை மண் கேட்கிறது. கசிந்தது பத்து சென்ட் என்றால் அளவு பத்தில் ஒரு பங்காகும். ஆனால் அந்தப் பத்து சென்டுக்கு விகிதம் இதேதான். ஒரு பருவத்து நெல்லின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர்கள் இந்தச் செலவை யார் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

பாக்டீரியா தழைச்சத்தோடு நிற்பதில்லை. மண்ணில் இருக்கும் உயிர்வாயுவையும் தீர்த்துவிடுகிறது. உயிர்வாயு தீர்ந்த மண்ணில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து வெளிவருகின்றன. நெல் இலைகள் நுனியிலிருந்து செம்பழுப்பாகக் காய்வதற்கு இந்த இரும்பு மிகுதியும் ஒரு காரணமாகலாம். பூச்சி அடித்ததோ நோய் விழுந்ததோ என்று மருந்துக் கடைக்குப் போகிறவருக்கு அங்கே தீர்வு கிடைக்காது.

நெல்லுக்குத் தனித் தொல்லை

எண்ணெய் மாசு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி புஞ்சை நிலத்தையும் புல்வெளியையும் வைத்துச் செய்யப்பட்டவை. தண்ணீர் நிற்கும் வயலில் நிலைமை வேறு. தண்டின் உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாக மேலிருந்து காற்றை இழுத்து வேருக்குக் கொடுக்கும் திறன் நெல்லுக்கு உண்டு. சேற்றில் அது உயிர்வாழ்வதே அதனால்தான். மண் மூச்சுத் திணறினாலும் நெல் சில நாள் தாங்கும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது. மிதக்கும் படலம் நாற்றின் தண்டைச் சுற்றிப் படிகிறது. தண்ணீருக்குள் காற்று கரைவதைத் தடுக்கிறது. நட்ட புதிதில், தூர் கட்டும் பருவத்தில் இது நேர்ந்தால் தூர் குறையும். கதிர் பருவம் பிந்தும். அறுவடையில் பதர் கூடும். கருகிப்போன நாற்றை வருவாய்த் துறை எண்ணலாம். கட்டாமல் போன தூரை எண்ண இப்போது எந்தப் படிவமும் இல்லை.

இன்னொன்று: காவிரிப் படுகையில் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல் வயலின் மடையில் விழுந்த எண்ணெய் கீழ் வயல்களுக்கும், வடிகால் வாய்க்காலுக்கும் போய்ச் சேரும். குழாய் ஓடும் புல எண்ணை மட்டும் பார்த்து இழப்பீடு பேசுவது இங்கே பொருந்தாது.

எண்ணெயைவிடக் கடுமையான ஒன்று எண்ணெயோடு வரக்கூடும். ஆழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும்போது உப்புநீரும் சேர்ந்து வருகிறது. அது கடல்நீரைவிட உவர்ப்பாகவும் இருப்பதுண்டு. கிணற்றிலிருந்து பிரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய் உடைந்தால் இரண்டும் சேர்ந்தே வயலில் விழும். எண்ணெயை நுண்ணுயிர் ஒருநாள் தின்றுவிடும். உப்பைத் தின்ன எதுவும் இல்லை. சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைச் சிதைத்து, நனைந்தால் களி, காய்ந்தால் கல் என்று ஆக்கிவிடும். ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடித்து, மீண்டும் கட்டி என்று பாடுபட வேண்டும். எண்ணெய் நெடியை மட்டும் தேடுகிறவர்கள் கண்ணில் இந்த உப்பு படவே படாது. கசிவுக்குப் பிறகான முதல் பரிசோதனையிலேயே மண்ணின் உப்புத்தன்மையை அளக்க வேண்டும் என்பது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் கருத்து.

"மறுபடியும் முளைத்துவிட்டதே!"

இந்த வாதத்துக்கு முதலில் வரும் மறுப்பு, கண்ணெதிரே நிற்கும் பசுமை. "அங்கே புல் மண்டிக் கிடக்கிறது; இன்னும் என்ன மாசு?" என்று கேட்பார்கள். எண்ணெய் ஊறிய நிலத்தில் முதலில் திரும்பி வருபவை பெரும்பாலும் அருகு, கோரை போன்ற முரட்டுச் செடிகள். சல்லி வேர்களால் மேல் மண்ணைப் பற்றிக்கொண்டு, அடிமண்ணைத் தொடாமலே அவை வாழ்ந்துவிடும். குறைந்த அளவு எண்ணெய் சில செடிகளின் வளர்ச்சியைச் சிறிது காலம் தூண்டுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே கோரை வளர்ந்தது என்பதால் நெல்லும் உளுந்தும் வளரும் என்று பொருளில்லை.

இதற்கு மிகத் துயரமான சான்று நைஜீரியாவின் ஒகோனிலாந்து. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. மேற்பரப்பில் பாதிப்பே இல்லாததுபோல் தெரிந்த சில இடங்கள் அடியில் கடுமையாக மாசுபட்டிருந்தன. சில இடங்களில் எண்ணெய் 5 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருந்தது. சுத்தம் செய்து முடித்ததாக, அங்கே எண்ணெய் எடுத்துவந்த நிறுவனத்தின் பதிவேடு சொன்ன 15 இடங்களை ஆய்வுக் குழு மறுபடி பார்த்தபோது, 10 இடங்களில் மாசு நிறுவனமே வைத்திருந்த வரம்பைத் தாண்டி நின்றது. மேல்மண்ணைக் கிளறிவிட்டு நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும் என்று விட்ட முறைதான் அங்கே கையாளப்பட்டிருந்தது. ஒகோனிலாந்தை முழுவதும் மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று அந்த அறிக்கை கணித்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கருகே 1979 ஆகஸ்டில் ஒரு குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. பெரும்பகுதி அகற்றப்பட்ட பிறகும் சுமார் 4 லட்சம் லிட்டர் நிலத்தடியில் தங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் ஆய்வில் அந்த எண்ணெய் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் இன்னும் கிடப்பது தெரிகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் சிந்திப் பல பத்தாண்டுகள் கழிந்த சில நிலங்களில், எண்ணெய் நெடியே இல்லாத, பார்க்க வறண்ட மண்போலத் தெரியும் மண் தண்ணீரை ஏற்க மறுப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மண்துகள் மீது படிந்துவிட்ட மெழுகு போன்ற எச்சம்தான் காரணம். கண்ணும் மூக்கும் நற்சான்று கொடுத்த மண் அது.

தமிழகத்திலேயே இதைக் கண்காணிக்க வேண்டிய ஒரு களம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அங்குள்ள அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டி நின்று காற்றை இழுப்பவை. அவற்றின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் உடனே சாகாது. சில மாதங்கள் கழித்தும் இலை உதிரலாம். பனாமாவில் 1986-இல் எண்ணெய் கொட்டிய அலையாத்திக் காட்டின் சேற்றில் நச்சுத்தன்மை குறைந்தது 20 ஆண்டுகள் நீடிக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். படகுகள் கழுவப்பட்டு, கரையில் எண்ணெய் அள்ளப்பட்டதோடு எண்ணூரின் கதை முடிந்துவிடவில்லை.

செடியே சுத்தம் செய்துவிடாதா?

இரண்டாவது மறுப்பு அறிவியலின் துணையோடு வருகிறது; அதற்கு மதிப்பளித்தே பதில் சொல்ல வேண்டும். எண்ணெய் இயற்கைப் பொருள், நுண்ணுயிர் அதைத் தின்றுவிடும், செடிகள் அந்த வேலையை விரைவுபடுத்தும் என்பது மெய். 1991 வளைகுடாப் போருக்குப் பின் குவைத் பாலைவனத்தில் எண்ணெய் ஊறிய மணலில் சில காட்டுச் செடிகள் வளர்ந்து நின்றன. குவைத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, சுற்றிலும் கறுத்த மணல் இருக்க, வேர்கள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன. வேரை ஒட்டி எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்கள் திரண்டிருந்தன. 1995-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்பு இந்தத் துறைக்கே ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. வேர் சர்க்கரையையும் பிற சத்துகளையும் கசியவிட்டு நுண்ணுயிர்களைத் தன்னைச் சுற்றி வளர்க்கிறது. நுண்ணுயிர்கள் எண்ணெயைச் செரிக்கின்றன. வெட்டிவேர், அருகு, குதிரைமசால் போன்றவை இப்படிப் பயன்படுவது பல ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவில் டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' என்ற நுண்ணுயிர்க் கலவையும் எண்ணெய்க் கழிவு மண்ணைச் சுத்தம் செய்யப் பயன்பட்டுவருகிறது.

ஆனால் இந்த முறைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வேர் எட்டும் ஆழத்துக்குக் கீழே அது வேலை செய்யாது. காற்றும் தழைச்சத்தும் தொடர்ந்து கிடைக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் களிமண் வயலில் உயிர்வாயு இல்லாததால் எண்ணெய் சிதைவது வெகுவாக மந்தப்படும். மூன்றாவதாக, மாசின் அளவைப் பொறுத்து இது பல பருவங்கள், சிலபோது பல ஆண்டுகள் எடுக்கும். குறுவை, சம்பா என்று ஓடும் நிலத்தில் வெட்டிவேர் வளர்ப்பது என்றால் அத்தனை காலம் அந்த நிலம் சுத்திகரிப்புக் களமாக இருக்கிறது என்று பொருள். அந்தக் களத்துக்கு வாடகை யார் கொடுப்பது? "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். இப்போது அந்த வாடகையை, நெல் விளையாத பருவங்களின் வடிவில், விவசாயி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

எதிர்த் திசையில் எழும் ஓர் அச்சத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. எண்ணெய் கசிந்த ஊரின் நெல்லைச் சாப்பிட்டால் நஞ்சு ஏறும் என்ற பேச்சு பரவுகிறது. எண்ணெயிலுள்ள கனமான ஹைட்ரோகார்பன்கள் தண்ணீரில் கரையாதவை. அவை பெரும்பாலும் வேரின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன, தானியம் வரை ஏறுவது மிகக் குறைவு. கீரை, கிழங்கு போன்றவற்றில் மண் ஒட்டிக்கொண்டு வரும் ஆபத்து அதைவிடக் கூடுதல். ஆகவே பரிசோதனை வேண்டும், பீதி வேண்டாம். ஆதாரமின்றி ஒரு ஊரின் நெல்லையே நஞ்சு என்று சொன்னால் கொள்முதலில் அடிபடப்போவது அதே விவசாயிதான்.

நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும்தான். ஆனால் அந்த எண்ணெயின் உண்மையான விலையில் மண்ணை மீட்கும் செலவும் அடக்கம். அதைக் கணக்கில் சேர்க்காமல் எடுக்கும் எண்ணெய் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், மீதிப் பணத்தை இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கட்டுகிறார் என்பதே. சிறிய கசிவுதானே என்பதற்கும் இதே பதில்தான். நிறுவனத்தின் பேரேட்டில் அரை ஏக்கர் ஒரு சின்ன எண். சிறு விவசாயிக்கு அது மொத்த நிலத்தில் கால் பங்கு.

சட்டம் எங்கே நிற்கிறது?

வயலுக்கு அடியில் குழாய் பதிக்க 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் வழி செய்கிறது. நிலம் விவசாயிக்கே சொந்தம். அதன் அடியில் குழாய் கொண்டுபோகும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்காக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடும், ஏற்படும் சேதத்துக்குத் தனியாக இழப்பீடும் தர வேண்டும். அந்த வழித்தடத்தில் அவர் கட்டடம் கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. பயிர் மட்டும் செய்யலாம். பயிர் செய்வது ஒன்றே மிஞ்சிய உரிமை என்னும்போது, அந்த மண் பயிருக்கு உதவாமல் போனால் அவரிடம் மிஞ்சுவது பட்டா மட்டுமே. 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இழப்பீட்டோடு சுற்றுச்சூழலை மீட்டுத் தரவும் உத்தரவிட இடம் தருகிறது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பொறுப்பைச் சுமத்தலாம். ஆனால் விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகள்தான் வரம்பு. பசுமை திரும்பிவிட்டது என்று நம்பிக் காத்திருந்தவருக்கு, மகசூல் ஏறவே இல்லை என்பது உறுதியாகும் நேரத்தில் அந்தக் கதவு மூடியிருக்கலாம். பயிர்க் காப்பீடும் கைகொடுக்காது. தடுத்திருக்கக்கூடிய இழப்புகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. 2025-இல் மத்திய அரசு மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்திருக்கிறது. குழாய்க் கசிவால் கெட்ட வயல்களை அவற்றின் கீழ் கொண்டுவர மாநில அரசு முனைய வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலில் மாற வேண்டியது இழப்பீட்டின் காலம். மண்ணில் எண்ணெய் அளவும் உப்புத்தன்மையும் நிர்ணயித்த வரம்புக்குக் கீழே வந்ததாகவும், அந்த வயலின் மகசூல் பக்கத்து வயலின் மகசூலுக்கு ஈடாகத் தொடர்ந்து இரண்டு பருவங்கள் வந்ததாகவும் உறுதியாகும்வரை ஒவ்வொரு பருவத்துக்கும் தொகை தரப்பட வேண்டும். அளவிடும் பொறுப்பைக் குழாயின் உரிமையாளரிடம் விடக்கூடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடமோ அதற்கு இணையான பொது நிறுவனத்திடமோ ஒப்படைக்க வேண்டும். செலவு நிறுவனத்தின் மேல் விழட்டும். மேல்மண்ணில் மட்டும் மாதிரி எடுத்தால் போதாது. குறைந்தது ஒரு மீட்டர் ஆழம் வரை, கீழ் வயல்களிலும் வடிகால் வாய்க்காலிலும் எடுக்க வேண்டும். அள்ளிய மண் எங்கே கொட்டப்பட்டது என்பதும் ஊராட்சியின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கொண்டுவந்து நிரப்பும் மண்ணும் அதே தரத்து வண்டலாக இருக்க வேண்டும். ஏரிச் செம்மண்ணைக் கொட்டி மட்டம் செய்வது சீரமைப்பு ஆகாது.

கசிவு நடந்த முதல் மணி நேரத்தில் என்ன செய்வது என்பதையும் ஊருக்குச் சொல்லித்தர வேண்டும். மடையை உடனே அடைத்துத் தண்ணீர் கீழே போகாமல் நிறுத்துவது, வைக்கோலைப் பரப்பி மிதக்கும் எண்ணெயை உறிஞ்ச வைப்பது, ஊறிய வைக்கோலைக் கொளுத்தாமல் ஒதுக்கி வைப்பது, டிராக்டரை இறக்கி எண்ணெயை ஆழத்துக்கு உழுதுவிடாமல் இருப்பது ஆகியவை ஆபத்தில்லாத தூரத்தில், எரிவாயு இல்லை என்று உறுதியான பிறகு யாரும் செய்யக்கூடியவை. சீரமைப்புக் காலத்தில் வயலை வடித்துக் காய விட்டு, தொழுவுரமும் தழைச்சத்தும் இட்டு, வெட்டிவேரோ புல்லோ வளர்க்கும் திட்டத்தை வேளாண் துறை எழுத்தில் தர வேண்டும்.

குத்தகைதாரரை மறந்துவிடக்கூடாது. காவிரிப் படுகையில் கோயில், மடங்களின் நிலங்களிலும் தனியார் நிலங்களிலும் குத்தகைக்குப் பயிரிடுவோர் ஏராளம். பட்டாதாரர் பெயரில் காசோலை போனால் விதை, நடவு, உரச் செலவு செய்தவர் வெறுங்கையோடு நிற்பார். யார் பயிரிட்டார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவைக் கொண்டு உறுதிசெய்து, பருவ இழப்பீட்டை அவருக்கும், நிலமதிப்பு இழப்பை உரிமையாளருக்கும் பிரித்துத் தரலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கசிவுக்கு முந்தைய மண் எப்படி இருந்தது என்ற ஆவணம் வேண்டும். அது இல்லாததால்தான் ஒவ்வொரு வழக்கிலும் "இந்த மண் ஏற்கெனவே இப்படித்தான்" என்ற வாதம் நிற்கிறது. குழாய் ஓடும் ஒவ்வொரு புல எண்ணிலும் எண்ணெய் எச்சம், உப்புத்தன்மை, கரிமச்சத்து ஆகியவற்றை அளந்து, குழாயின் வயதோடும் கடைசியாகச் சோதித்த தேதியோடும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். மேட்டூர் அணை திறப்பதற்கு முன், வயல்கள் காய்ந்து கிடக்கும் கோடை மாதங்களே மாதிரி எடுக்க ஏற்ற காலம். திருவாரூர், நாகை, தஞ்சை, மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்கள் இந்த வேலையை வரும் கோடையிலேயே தொடங்கலாம்.